ஒன்பதாம் பிளாக்கின் தேன்நிற எலி

பகல் ஒரு மணிக்கு, கிளினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நான் எழும் நேரம் பார்த்து அந்த அக்கா வருவார். காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இருக்காது. சேறு படிந்த ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, முழுக்கைச் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைப்பார். அதில் ஒரு செத்த எலியின் படம் இருக்கும்.

“சார், இத கொஞ்சம் பாருங்க. மத்ததுக்கெல்லாம் வயிறு வெள்ளையா இருக்கும். இதுக்குப் பாருங்க, சாம்பலா இருக்கு. ஏன் சார்?”

“எலியில ரெண்டு மூனு ஜாதி இருக்குக்கா. இது வேற ஜாதியா இருக்கும்.”

“பயம் ஒன்னும் இல்லையே?”

“இல்லக்கா.”

“இல்லன்னா சரி,” என்பார். ஆனால் கைப்பேசியை எடுக்க மாட்டார். நான் இன்னொரு முறை படத்தைப் பார்த்து, இன்னொரு முறை இல்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கிளம்புவார்.

ஜாசினிலிருந்து செர்காமுக்குப் போகும் பக்கத்தில் இருந்த, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆறு ஆண்டுகள் டிரஸராக இருந்தேன். தோட்டத்து மருத்துவ உதவியாளனை எங்கள் ஆட்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அக்கா எலி மருந்து வைக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மெழுகில் செய்த நீல நிற மருந்துக் கட்டிகளைத் தோள்பையில் சுமந்துகொண்டு, வரிசை வரிசையாக நடந்து, மரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துக்கொண்டே போக வேண்டும். சில நாள் கழித்துத் திரும்ப வந்து, தின்னப்பட்ட இடங்களில் புதுக் கட்டி வைக்க வேண்டும். எலி குலைகளைக் கொறித்தால் தோட்டத்துக்கு நட்டம். வேலை அவ்வளவுதான். செத்த எலியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

அவருக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. அதுதான் அவர்.

தோட்டத்து லாரி காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாரியம்மன் கோயில் வளைவு வரை போகும். அங்கே டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்துவார். அக்கா இறங்கி வீட்டுக்கு ஓடி, கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடி வருவார். ஒருநாளும் அது திறந்திருந்ததில்லை. ஒருமுறை ஜாசினில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேலே சுற்றிய காற்றாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பி அடுத்த மேசைக்கு மாற்றினார். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். பாயசம் கொட்டியது. காற்றாடி விழவில்லை. அடுத்த நாள் என்னிடம், “நான் பண்ணது தப்பா சார்?” என்று கேட்டார். தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை.

அவர் பயந்தவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் நடந்துகொண்டது உங்களுக்குப் புரியாது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். வாழ்க்கையில் ஏதாவது நடந்திருக்கும், அதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, “சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சார். எங்கம்மா அடிப்பாங்க,” என்றார்.

எலிகளை அவர் அறிந்த அளவுக்கு அந்தத் தோட்டத்தில் யாரும் அறிந்ததில்லை. எனக்கு எலி என்றால் எலி. அவருக்கு ஒவ்வொரு பிளாக்கிலும் வெவ்வேறு எலிகள். ஆற்றோரம் இருப்பவை முதுகு கறுத்தவை. மேட்டுப் பக்கத்தில் இருப்பவை காய்ந்த மட்டை நிறத்தில், வயிறு பால்போல் இருக்கும். குச்சியால் புரட்டிப் படம் எடுப்பார். அவருடைய மருமகள் ஒருநாள் குழந்தையின் பிறந்தநாள் படத்தைத் தேடி அந்தக் கைப்பேசியைத் திறந்துவிட்டு, அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் அவர் கொண்டுவந்த படத்தைப் பார்த்து நானே ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எலி மஞ்சளாக இருந்தது. தேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வருமே, அந்த நிறம். நெற்றியில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை.

“ஒன்பதாம் பிளாக் சார். இது மூனாவது. முதல்ல ரெண்டு பாத்தேன், வெயில்ல வெளுத்துப்போச்சுன்னு நெனச்சேன். இது இன்னிக்குக் காலையில செத்தது.”

“வளர்க்குற எலி ஏதாவது தப்பிச்சு வந்திருக்கும்க்கா.”

“மூனுமா?”

அவர் மெதுவாக இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டார். “சார், பதினாலு வருசமா இந்த மருந்தத் தொடுறேன். மொதல்ல கையுறைகூடக் கொடுக்கல. அந்த மருந்துனால எலிக்கு நெறம் மாறுதுன்னா, எனக்கு? இங்க பாருங்க. இந்த எடம் கொஞ்சம் வெளுப்பா இல்ல?”

வெளுப்பாக இல்லை. வெயிலில் கறுத்த, கீறல்கள் நிறைந்த, சாதாரணக் கை. அடுத்த பல நாட்கள் அவர் அந்தக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் பேரப்பிள்ளையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை அழுதாலும் மருமகளைக் கூப்பிடுவாராம், தான் தொட மாட்டாராம்.

அந்தச் சமயத்தில், எலியைக் குறைக்கத் தோட்டத்தில் வைத்திருந்த ஆந்தைப் பெட்டிகளைப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். மலாய்க்காரப் பெண். கிளினிக்கில் தண்ணீர் குடிக்க வந்தவரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அந்தப் பெண் அத்தனை படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தார், இடையிடையே மலாயில் கேள்வி கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

மருந்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. தேன்நிறம் சில எலிகளின் ரத்தத்தில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஒன்பதாம் பிளாக்கின் ஒருபுறம் பெரிய சாலை, ஒருபுறம் சதுப்பு, மறுபுறம் மண்ணை வழித்துப் போட்டிருக்கும் வீடமைப்பு நிலம். உள்ளே இருக்கும் எலி வெளியே போவது அபூர்வம், வெளி எலி உள்ளே வருவதும் அபூர்வம். சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட்டுப் போட்டு, ஒளிந்திருந்த நிறம் வெளியே வந்துவிட்டது.

“அப்ப என் கை?”

“உங்க கைக்கு ஒன்னுமில்லக்கா.”

அவர் மூச்சு விட்டார். அத்துடன் போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “சார், அவங்ககிட்ட இன்னொன்னு கேளுங்க. இந்த நெறம் வேற எடத்துல இருக்காதா?”

கேட்டேன். வேறிடத்திலும் தோன்றலாம், ஆனால் இந்தத் தோட்டத்தில் நெற்றி வெள்ளையோடு தேன்நிறத்தில் ஒன்றைக் கண்டால், ஒன்பதாம் பிளாக்கிலிருந்து போனதாகத்தான் நினைப்பேன் என்றார் அந்தப் பெண். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அன்று மாலை பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்து வாசலில் நின்றதைப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒன்பதாம் பிளாக்கில் வேலை செய்த நேப்பாளத் தொழிலாளி ஒருவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். கண் சிவந்து, உடம்பு மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் என்றார்கள். மலாயில் கென்சிங் டிக்குஸ் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் பிழைத்துக்கொண்டார், ஊருக்கும் போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அந்தப் பிளாக்கின் கிழட்டு மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்ய இயந்திரங்கள் வந்தன. ஒரு வாரத்தில் அங்கே வானம் தெரிந்தது.

“அதுங்க எங்க சார் போகும்?” என்று அக்கா கேட்டார்.

“எதுங்க?”

“எலிங்க.”

எங்கேயாவது போகும் என்றேன். அன்று எனக்கு மாதாந்தர அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

லயத்தின் கடைசியில், முன்பு தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை இருந்த கட்டடத்தில் ஒரு பாலர் பள்ளி நடந்தது. இருபது பிள்ளைகள் இருக்கும். அங்கே சமையலும் சுத்தம் செய்வதும் செல்வி. அக்காவின் புருசனுடைய தங்கை. அக்காவின் புருசன் இறந்தபிறகும் நாத்தனாரும் அண்ணியும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தார்கள். கறி சமைத்தால் கிண்ணம் சுவரைச் சுற்றிப் போகும். செல்வி சிரித்த முகக்காரி, எதையும் தூக்கிப்போட்டுவிட்டுப் போகிறவள். அண்ணியைக் கேலி செய்ய அவளுக்கு மட்டும் உரிமை இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அக்கா ஒரு மணிக்கு வரவில்லை, பத்து மணிக்கே வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை.

“சார், வந்துடுச்சு.”

கைப்பேசியில் பாலர் பள்ளியின் பின்பக்கச் சாக்கடை, எங்கள் பேச்சில் லோங்காங். அதன் விளிம்பில் பாதி உடல் தெரிய ஓர் எலி. படம் மங்கலாக இருந்தாலும் நிறம் மங்கவில்லை. தேன்.

“ஒன்பதாம் பிளாக் எலி சார். பிள்ளைங்க சிலிப்பர் எல்லாம் அந்த லோங்காங் மேலதான் கெடக்கு. செல்வி அதுல வெறும் காலோட எறங்கிக் கழுவுறா. அவ கால்ல வேற ஒடஞ்ச பாத்திரம் கீறின காயம் இருக்கு. நீங்க வந்து சொல்லுங்க.”

“அக்கா, எலி இல்லாத எடம் எது? ஊர்ல இருக்கற எல்லா எலியும் ஒன்னுதான்.”

“ஒன்னு இல்ல சார். நீங்கதானே சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். ஆனாலும் அன்று என் மேசைக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வாரத்துக்குள் வந்து பார்க்கிறேன் என்றேன். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் நேராகப் பாலர் பள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டேன். பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே நுழைந்து, தண்ணீர்க் குடங்களை மூடு, சிலிப்பரை உள்ளே எடு என்று ஆரம்பித்தார்.

“ஏன்லா அண்ணி, எங்க போனாலும் இதே கதையா?” என்று செல்வி முதலில் சிரித்திருக்கிறாள். “எலிக்கு ஐசி, அடையாள அட்டை போட்டுக் கொடுத்திருக்கீங்களா, எந்த பிளாக்குன்னு பாக்கறதுக்கு?”

“செல்வி, வெளையாடாத. அந்த நேப்பாளக்காரன் செத்துப் பொழச்சான். அந்தக் கால்ல தண்ணி படாம பாரு.”

அந்த நேரம் பிள்ளையை விட வந்த ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். செல்விக்கு முகம் மாறியது. “போதும்லா. பாத்தீங்களா? இந்த எடத்த மூடிட்டா நான் எங்க போறது? போங்க அண்ணி. வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

மறுநாள் செல்வியின் வாசலில் ஒரு ஜோடி புது ரப்பர் பூட்ஸ் இருந்தது. அவள் அதை எடுத்து அண்ணியின் வாசலில் வைத்தாள். அதற்கு மறுநாள் அது திரும்பவும் அவள் வாசலில் இருந்தது. அவள் அதை மழையில் வைத்துவிட்டாள்.

நான் அந்த வாரத்துக்குள் போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து செல்வி என் கிளினிக்குக்கு வந்தாள். காய்ச்சல், உடம்பு வலி. பிள்ளைகளிடமிருந்து தொற்றியிருக்கும் என்று மாத்திரை கொடுத்து, மூன்று நாளில் குறையாவிட்டால் வா என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை அவளுடைய கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடக்க முடியவில்லை. கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே கத்தினாள். கண் சிவந்திருந்தது. அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அந்த மாதம் சுற்றுவட்டாரம் முழுக்க டெங்கி. டெங்கிதான் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

வாசலில் அக்கா நின்றார். வண்டி போவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “அங்க சொல்லிட்டீங்களா சார், எலிய?”

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரையும் ஏற்றிக்கொண்டு என் காரில் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் அவர் முன்னால் இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வார்டில் செல்வியின் கட்டிலருகே இளம் டாக்டர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். டெங்கிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றார். காட்டுக்குப் போனாளா, ஆற்றில் குளித்தாளா, வேலையிடத்தில் எலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

“தாக் அடா,” என்றாள் செல்வி. எலி இல்லை.

எனக்கு அது புரிந்தது. இருக்கிறது என்றால் பாலர் பள்ளியை மூடுவார்கள். அவள் கணவனுக்கு நிரந்தர வேலை இல்லை.

அக்கா சட்டைப் பையில் கை வைத்தார். செல்வி தலையைத் திருப்பிப் பார்த்தாள். “அண்ணி, வேணாம்,” என்றாள். காய்ந்த உதட்டோடு, மிக மெதுவாக. “அண்ணி, ஒங்களக் கும்புடுறேன்.”

அந்த மனுசி எல்லாவற்றுக்கும் பயந்தவர். டாக்டருக்கு, மேனேஜருக்கு, செல்வி பேசாமல் போய்விடுவாளோ என்பதற்கு. அவர்தான் கைப்பேசியை எடுத்து, படத்தைத் தேடி, டாக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினார். தனக்குத் தெரிந்த மலாயில், இது காய்ச்சல் வந்த ஆள் வேலை செய்த இடத்து எலி, இது இவள் வேலை செய்யும் இடத்துச் சாக்கடை, இரண்டும் ஒரே எலி என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். ஒன்பதாம் பிளாக், நேப்பாளத் தொழிலாளி, வெட்டிய மரங்கள், காலில் காயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு வேகமாக நர்சிடம் போனார். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. இரண்டு முறை இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவந்தது. நான்கு நாட்கள் யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல மீண்டாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த ஒரு நாளை அவர் என் கணக்கில் வைத்துச் சொல்லவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன்.

பாலர் பள்ளியை மூடினார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து சாக்கடையையும் கூரையையும் பார்த்தார்கள். எலி வளைகள் அகப்பட்டன. எல்லாவற்றையும் அடைத்து, கழுவி, திரும்பத் திறக்க இரண்டு மாதம் ஆனது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தோட்டம் அக்காவுக்கு நன்றி சொல்லும் என்று நான் எதிர்பார்த்தது என் அறியாமை. “அந்தம்மா வாய வச்சா நடக்குது” என்ற பேச்சு கிளம்பியது. கால்ல தண்ணி படாம பாரு என்று அவர் சொன்னார், கால் வழியாகவே வந்தது. செத்துப் பிழைத்தான் என்று சொன்னார், இவளும் செத்துப் பிழைத்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்காது என்றார்கள். செல்வியின் கணவன் சுவருக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று அவரிடம் நேராகவே சொல்லிவிட்டான். லாரியில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கினார்கள். புதிதாகக் கர்ப்பமான ஒரு பெண் அவரைக் கண்டதும் வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டாள். அதை நானே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு மணிக்கு வரவில்லை.

முதல் வாரம் நேரத்துக்குச் சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் மேசையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது எதையாவது பார்த்திருப்பார், சொல்லாமல் இருக்கிறார் என்ற எண்ணம் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் இருக்கும்போதும், தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று யோசித்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்கே போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்க்கா வர்றதில்ல? எது பாத்தாலும் வந்து சொல்லுங்க.”

அவர் தலை நிமிரவில்லை. “சொன்னா நடக்குதுங்கறாங்க சார். சொல்லலன்னா நடக்காதா?”

“அப்படி இல்லக்கா.”

“எனக்கும் தெரியல சார். செல்வி ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நானும் அதத்தான் யோசிச்சேன். நான் வாய மூடியிருந்தா இவ நல்லா இருந்திருப்பாளோன்னு.”

பாலர் பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன் நான் அங்கே போயிருந்தேன். செல்வி சாவியோடு கதவுக்கு வெளியே நின்றாள். இளைத்திருந்தாள், காலில் பூட்ஸ். திறக்கவில்லை. சற்று நேரம் நின்றவள் திரும்பி லயத்துக்கு நடந்தாள். வரும்போது அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“வந்து பாருங்க அண்ணி. நீங்க பாக்காம நான் உள்ள போக மாட்டேன்.”

“நீயே பாரு செல்வி. நான் எதுக்கு?”

“எனக்கு என்ன பாக்கணும்னு தெரியலயே!” என்று செல்வி அழுதுவிட்டாள்.

அக்கா கட்டடத்தை ஒருமுறை சுற்றினார். சாக்கடையோரம் குந்தி உட்கார்ந்தார். அலமாரியை நகர்த்தச் சொன்னார். செல்வி ஒவ்வொரு இடத்திலும் அவர் முகத்தையே பார்த்தாள். கடைசியில் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “ஒன்னுமில்ல. போய் அடுப்பப் பத்த வை,” என்றார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் என்னைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார். “பின்பக்கம், தண்ணிக் குழாய் சுவருக்குள்ள போற எடத்துல புது மண்ணு தள்ளியிருக்கு சார். எலிய நான் பாக்கல. இன்னிக்கே அடைக்கச் சொல்லுங்க.”

“அப்ப ஏன் அவகிட்ட இல்லன்னு சொன்னீங்க?”

“அவ வேலைக்குப் போகணும்ல சார். நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லாதீங்க.”

அன்றே அடைத்தோம். நான் பார்த்ததாக, வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோரிடம் சொன்னேன். அன்றிலிருந்து நான் அங்கே இருந்த கடைசி நாள் வரை எங்கள் ஏற்பாடு அதுதான். ஒரு மணிக்கு அவர் வருவார், கைப்பேசியைத் திருப்பி வைப்பார். தேன்நிறம் அதன்பிறகு இரண்டு முறை தென்பட்டது, ஒருமுறை கடைக்குப் பின்னால், ஒருமுறை வெளிநாட்டுத் தொழிலாளர் குடியிருப்பில். இரண்டு இடத்துக்கும் அன்றைக்கே நான் போனேன். எலியோடு அவர் நிற்கவும் இல்லை. அறுந்து தொங்கும் ஒயர், ஒரு குழந்தையின் விடாத இருமல், மூடாத கிணறு என்று எதையாவது கொண்டுவருவார். பாதிக்கு மேல் ஒன்றுமில்லாமல் போகும். மீதியை நான் என் பெயரில் போய்ச் சொல்வேன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் என் பேச்சைக் கேட்டார், மேனேஜர் கேட்டார், ஆட்கள் கேட்டார்கள். டிரஸருக்கு எலிக்கண் என்றார்கள். அவர் பயந்தால் தரித்திரம், நான் பயந்தால் பொறுப்பு.

எனக்கு மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்ததும், தோட்டத்தில் விருந்து வைத்தார்கள். மேனேஜர் என் கவனத்தைப் பாராட்டி நீளமாகப் பேசினார். பாலர் பள்ளி விஷயத்தையும் சொன்னார். நான் எழுந்து, அதை முதலில் பார்த்தது யார் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசி வரிசையில் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், என்னைப் பார்த்துத் தலையை வேகமாக இருபுறமும் ஆட்டினார். நான் நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு கார் வரை வந்தார். டப்பாவில் முறுக்கு கொடுத்தார். டயரை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“புது டிரஸர் வருவாருல்ல, அவர் கேப்பாரா சார்?”

“கேப்பாருக்கா,” என்றேன்.

புது டிரஸர் யார் என்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது.